நூற்று நான்கிலிருந்து நான்குக்கு: சிம்பொனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்பொனி என்றால் என்ன?

ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதற்காகவே எழுதப்பட்ட நீண்ட இசைப்படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும், மூவ்மென்ட் என்பார்கள். முதலாவது விறுவிறுப்பாக ஓடும், இரண்டாவது நிதானிக்கும், மூன்றாவதில் நடனச் சாயல், நான்காவது மறுபடி வேகமெடுத்து முடியும். நடுநடுவே சில விநாடி மௌனம். சாகித்தியம் (பாட்டு வரி) கிடையாது, மனோதர்மத்துக்கும் (அந்தந்த நேரக் கற்பனைக்கும்) இடமில்லை. எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், எவ்வளவு சத்தமாக என்பதுவரை இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இந்த இலக்கணத்தை மீறாத பெரிய ஆள் யாரும் இல்லை. மோட்சார்ட்டின் 38ஆம் சிம்பொனியில் மூன்றே பகுதிகள். பெர்லியோஸ் ஐந்து வைத்தார். பீத்தோவனின் ஒன்பதாவதில் கடைசிப் பகுதியில் ஒரு கோரஸே எழுந்து பாடுகிறது.

சினிமாப் பாட்டில் ஐம்பது வயலின் சேர்ந்து வாசித்தால் அது சிம்பொனியா?

இல்லை. அது பெரிய ஆர்கெஸ்ட்ரா, அவ்வளவுதான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியதை ஒட்டி இந்தச் சொல் நம்மூரில் நிறையப் புழங்கியது. கூடவே இந்தக் குழப்பமும் வளர்ந்தது. சிம்பொனி என்பது ஆள் கணக்கு இல்லை, எழுத்தின் கட்டுமானம். ஹைடன் ஆரம்ப காலச் சிம்பொனிகளை எழுதியபோது அவர் கையில் இருந்த குழுவில் ஏறக்குறைய பதினைந்து பேர்தான்.

இது எங்கே தொடங்கியது?

இத்தாலியில், ஓபரா என்ற இசை நாடகக் கொட்டகையில். திரை விலகுவதற்கு முன்னால் கூட்டத்தின் பேச்சை அடக்க ஒரு 'சின்ஃபோனியா' வாசிப்பார்கள்: வேகம், நிதானம், வேகம் என்று மூன்று துண்டு. ஓபராவை விட்டு அதை மட்டும் தனியாகக் கேட்டாலும் நன்றாயிருக்கிறதே என்று தோன்றியதிலிருந்து கதை ஆரம்பம். மிலான் நகரில் சம்மார்த்தினி 1730களிலேயே இப்படித் தனியாக எழுதத் தொடங்கிவிட்டார். ஜெர்மனியின் மன்ஹைம் அரசவையில் யோஹான் ஸ்டாமிட்ஸ் தன் ஆர்கெஸ்ட்ராவைப் பழக்கிய விதம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. சத்தம் மெல்ல மெல்லப் பெருகி அலையாக எழும் அந்த வித்தைக்கு அவர்கள் பெயர்போனவர்கள்.

செவ்வியல் காலம், ரொமான்டிக் காலம்: எது எப்போது?

தோராயமாக 1750 முதல் 1820கள் வரை செவ்வியல். அங்கிருந்து 1910 வரை ரொமான்டிக். ஹைடனும் மோட்சார்ட்டும் முதல் வீட்டுக்காரர்கள். பெர்லியோஸ், ஷூமன், மெண்டல்சன், பிராம்ஸ், புரூக்னர், சைக்கோவ்ஸ்கி, த்வோர்ஷாக், மாலர் இரண்டாவது வீட்டில். பீத்தோவனும் ஷூபர்ட்டும் நடுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரையும் எந்த வீட்டுக்குள் தள்ளுவது என்பதில் சண்டை ஓயவில்லை, ஓய வேண்டிய அவசியமும் இல்லை.

'சி மைனர்', 'இ ஃபிளாட் மேஜர்' என்று பெயரோடு போடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் சொல் எது சட்ஜம் (ஆதார 'ஸ') என்று சொல்கிறது. இரண்டாவது எந்த ஸ்வரங்கள் என்று சொல்கிறது. மேஜர் என்றால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மைனர் என்றால் நடபைரவி, பல இடங்களில் நிஷாதம் ஏறி கீரவாணி. ராகமாக அவற்றைப் பாடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஸ்வரக் கணக்கு மட்டும் அது.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கேதான் தடங்கல் வரும். நமக்குத் தம்புரா ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிம்பொனியில் அந்தத் தம்புராவே இல்லை. முதல் பகுதி ஒரு சட்ஜத்தில் தொடங்கி, ஒரு நிமிடம் ஆவதற்குள் வேறொரு சட்ஜத்துக்குக் குடிபெயரும். இரண்டாவதாக ஒரு மெட்டு அங்கே அறிமுகமாகும். அப்புறம் இரண்டு மெட்டுகளையும் உடைத்து, துண்டு துண்டாக வேறு வேறு சட்ஜங்களில் அலைய விடுவார்கள். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு கட்டத்தில் முதல் மெட்டு பழைய சட்ஜத்தில் திரும்பி வந்து நிற்கும். இந்தமுறை இரண்டாவது மெட்டும் அதே வீட்டுக்கு வந்துவிடும். சொனாட்டா வடிவம் என்று இதற்குப் பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. 'வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள், எப்போது திரும்புவார்கள்' என்று காத்திருக்கப் பழகினால் பாதி சிம்பொனி பிடிபட்டுவிடும்.

ஹைடன் 104 சிம்பொனி எழுதினாராமே, எப்படி முடிந்தது?

அது அவருடைய வேலை, அதனால் முடிந்தது. 1761இல் எஸ்டர்ஹாஸி என்ற ஹங்கேரியப் பிரபு குடும்பத்தில் அவர் போட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. சீருடை அணிய வேண்டும், வெள்ளைக் காலுறை கட்டாயம். தினமும் வந்து நின்று இன்றைக்குக் கச்சேரி உண்டா என்று கேட்க வேண்டும். எழுதும் இசை பிரபுவுக்கே சொந்தம். அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் எழுதித் தரக்கூடாது. (இந்தக் கடைசி நிபந்தனை 1779இல் புதுப்பித்த ஒப்பந்தத்தில் போய்விட்டது.) சமையற்கட்டில் தினமும் புதுச் சமையல் எதிர்பார்ப்பதுபோல, பிரபுவின் மண்டபத்தில் புது இசை எதிர்பார்க்கப்பட்டது. போன மாதம் வாசித்ததைத் திரும்பக் கொடுத்தால் மரியாதை இல்லை.

கேட்கக் கொத்தடிமை போலத் தெரியும். ஆனால் சோதனை செய்து பார்க்கச் சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ரா, முப்பது வருடத்துக்கு நிரந்தரச் சம்பளம்: இது வேறு எந்த இசையமைப்பாளருக்குக் கிடைத்தது?

1790இல் பிரபு நிக்கோலஸ் இறந்தார். வாரிசு ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டார். உடனே சாலமன் என்ற வயலின் வித்வான், கச்சேரி ஏற்பாட்டாளர், வியன்னாவுக்கே நேரில் வந்து ஹைடனை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே பிரபு இல்லை. சீட்டு வாங்கி வரும் பொதுமக்கள். கடைசிப் பன்னிரண்டு சிம்பொனிகளும் அவர்களுக்காக எழுதியவை. 104ஆவது 1795 மே 4 அன்று அரங்கேறியது. அந்த ஒரே இரவில் 4,000 குல்டன் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) கிடைத்ததாகவும், இங்கிலாந்தில் மட்டும்தான் இது நடக்கும் என்றும் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போன கதை உண்மையா?

உண்மை. 45ஆம் சிம்பொனி, 1772. கோடைக்கால அரண்மனையை விட்டு நகர பிரபுவுக்கு மனமில்லை. வாத்தியக்காரர்களின் குடும்பங்களோ ஊரில். நேரில் போய் லீவு கேட்க முடியுமா? ஹைடன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவரும் வாசித்து முடித்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போகும்படி எழுதினார். இறுதியில் மிஞ்சியது இரண்டே வயலின். பிரபுவுக்குப் புரிந்தது, மறுநாளே மூட்டை கட்டச் சொன்னார் என்பார்கள். விடுப்பு விண்ணப்பங்களில் இதைவிட நாகரிகமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டலாமா?

இன்றைய அரங்குகளில் தட்டமாட்டார்கள். தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் இது பிற்காலத்தில் வந்த மடி ஆசாரம். 1778இல் பாரிஸில் மோட்சார்ட்டின் 31ஆம் சிம்பொனி அரங்கேறியது. முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம் நிச்சயம் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். அங்கே கைதட்டல் எழுந்தது. பாரிஸ்காரர்கள் கடைசிப் பகுதியை எல்லா வாத்தியமும் சேர்ந்து ஓங்கித் தொடங்குவதே வழக்கம். இவர் இரண்டு வயலின் வரிசைகளை மட்டும் எட்டு 'பார்' (தாள அளவு) மெதுவாக வாசிக்க விட்டார். கூட்டம் 'ஷ்ஷ்' என்று ஒருவரையொருவர் அடக்கியது. உடனே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இறங்கியது. வாசிப்பு நடக்கும்போதே கைதட்டல். சந்தோஷத்தில் நேரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம், வேண்டிக்கொண்டபடி ஜெபமாலையும் சொல்லி முடித்தாராம்.

அப்பாவுக்கு இதையெல்லாம் எழுதிய கடிதத்தின் தேதி ஜூலை 3. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்றும் அதில் இருக்கிறது. உண்மையில் அன்று இரவே, பாரிஸில், அம்மா இறந்துபோயிருந்தார். செய்தியைத் தாங்கிக்கொள்ள அப்பாவைத் தயார்செய்ய மகன் இரண்டையும் ஒரே தாளில் எழுதினான். அந்தக் கடிதத்தைப் படித்தபிறகு அந்தக் கலகலப்பான சிம்பொனியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

மோட்சார்ட்டின் எண்ணிக்கை 41தானா?

வழக்கமான எண் அது. 37ஆவது அவருடையதே இல்லை; ஹைடனின் தம்பி மிஹாயேல் எழுதியதற்கு இவர் முன்னுரைபோல ஒரு சிறு தொடக்கம் சேர்த்தார். எண் கொடுக்காத இளமைக்கால சிம்பொனிகளும் இருக்கின்றன. கேட்டே ஆகவேண்டியவை 39, 40, 41. மூன்றையும் 1788 கோடையில் சுமார் ஆறு வாரத்துக்குள் முடித்தார்.

பீத்தோவன் அப்படி என்னதான் மாற்றிவிட்டார்?

அளவை மாற்றினார், அதோடு சிம்பொனிமேல் வைக்கும் எதிர்பார்ப்பையும். ஹைடனின் சிம்பொனி அரை மணிக்குள் முடிந்துவிடும். 1805 ஏப்ரலில் வியன்னாவில் பொதுமக்கள் முன் ஒலித்த மூன்றாவது சிம்பொனி, 'எரோய்க்கா', முக்கால் மணியைத் தாண்டியது. 'இதை நிறுத்தினால் இன்னொரு காசு தருகிறேன்' என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தியதாக அவருடைய மாணவர் செர்னி சொல்லியிருக்கிறார். அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். விருந்துக்குப் பின்னால் கேட்கும் இசை என்று நம்பி வந்தவருக்கு நடுவில் ஒரு முழுநீள இறுதி ஊர்வலம் காத்திருந்தது.

அதை நெப்போலியன் பெயரில் எழுதினார். 1804இல் நெப்போலியன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டதும் கோபத்தில் பெயரை அழித்தார். வியன்னாவில் இருக்கும் ஸ்கோர் (முழு இசையும் எழுதிய ஏடு) பிரதியின் முகப்பில் அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிக் கிடக்கிறது, அவ்வளவு அழுத்திச் சுரண்டல்.

பீத்தோவனுக்குச் சீருடை இல்லை. பிரபுக்கள் பணம் கொடுத்தார்கள், ஆனால் தினமும் போய் நின்று உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அதற்கு விலை, கச்சேரியைத் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். 1808 டிசம்பர் 22 அன்று ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகளோடு இன்னும் பலவற்றையும் சேர்த்து ஒரே நிகழ்ச்சியில் வைத்தார். நான்கு மணி நேரம், குளிரில் உறைந்த அரங்கம், போதிய ஒத்திகை இல்லை. ஒரு படைப்பு நடுவிலேயே குழம்பி, நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. உலகம் அறிந்த இரண்டு சிம்பொனிகள் பிறந்த லட்சணம் இது.

ஒன்பதாவது 1824 மே 7 அன்று. அதற்குள் காது முற்றிலும் போயிருந்தது. முடிந்தபின் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றவரைப் பாடகி கரோலின் உங்கர் திருப்பி நிறுத்தினார். கைதட்டலை அவர் கண்ணால்தான் பார்த்தார்.

'ட ட ட டாம்': விதி கதவைத் தட்டுகிறது என்கிறார்களே?

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி தொடங்கும் நான்கு ஸ்வரம் அது. அப்படிச் சொன்னவர் ஷிண்ட்லர், பீத்தோவனின் உதவியாளர். காது கேட்காத பீத்தோவனோடு எழுத்தில் பேசிய நோட்டுகளில் பின்னாளில் தானே பொய்யாக வரிகளைச் சேர்த்துவிட்ட ஆசாமி. எனவே அப்படியே நம்பிவிட முடியாது. அது ஒரு குருவியின் கூவல் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிபிசி இதையே நேச நாடுகளின் வெற்றிச் சின்னமாக ஒலிபரப்பியது. மோர்ஸ் குறியீட்டில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் ஆங்கில 'வி' எழுத்து. ஜெர்மானியரின் இசையை எடுத்து ஜெர்மனிக்கு எதிராக!

எனக்குக் கதவைவிடச் சுவாரசியமானது, அந்த நான்கு ஸ்வரத் தாளம் மூன்றாம் பகுதியில் ஹார்ன்களில் வேறு முகத்தோடு திரும்பி வருவது. பிறகு மூன்றாவது பகுதி நிற்காமலே நான்காவதாக உருமாறி, டிரம்போன்கள் முதன்முறையாக நுழைந்து, மைனர் மேஜராக வெளுப்பது.

சரி, ஹைடன் 104, மோட்சார்ட் 41, பீத்தோவன் 9, பிராம்ஸ் 4. எண்ணிக்கை ஏன் இப்படிச் சரிகிறது?

சோம்பேறித்தனம் காரணமில்லை. படைப்புகள் நீண்டன என்பது ஒரு காரணம்தான், முக்கியமானது அது இல்லை. கேட்கும் பழக்கமே மாறிவிட்டது.

ஹைடன் காலத்தில் கச்சேரி என்றால் புது இசை. லண்டனில் அவருக்குப் போட்டி அவருடைய பழைய மாணவர் பிளேயல், பக்கத்து அரங்கில் உயிரோடு இருந்தார். 94ஆம் சிம்பொனியின் மெதுவான பகுதியில் திடீரென்று ஓர் இடிபோல் விழுமே, அது தூங்கும் சீமாட்டிகளை எழுப்ப இல்லையாம். மாணவர் முந்திவிடாதபடி புதிதாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது என்று ஹைடனே விளக்கியிருக்கிறார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர, ஆர்கெஸ்ட்ராக்கள் இறந்தவர்களின் படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கின. புதிதாக எழுதுகிறவனின் பெயர் நிகழ்ச்சித் தாளில் பீத்தோவனுக்குப் பக்கத்தில் அச்சாகும். ஹைடனின் போட்டியாளர் பிளேயல். பிராம்ஸின் போட்டியாளர், இறந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் பீத்தோவன்.

பிராம்ஸுக்கு இருபது வயதானபோதே, 1853இல், ஷூமன் பத்திரிகையில் எழுதி அவரை உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு பையனுக்குப் பேனா ஓடுமா? சிம்பொனி என்று தொடங்கியது பியானோ கன்செர்ட்டோவாக (பியானோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் படைப்பு) மாறிப்போயிற்று. 1862இல் முதல் பகுதியை எழுதி ஷூமனின் மனைவி கிளாராவிடம் காட்டினார். மீதிக்குப் பல ஆண்டுகள். பின்னால் ஓர் அரக்கனின் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும்போது எப்படி எழுதுவது என்று நண்பரிடம் புலம்பியிருக்கிறார். முதல் சிம்பொனி 1876 நவம்பர் 4 அன்று கார்ல்ஸ்ரூ நகரில் அரங்கேறியபோது அவருக்கு வயது 43. கடைசிப் பகுதியின் மெட்டு பீத்தோவனின் ஒன்பதாவதை நினைவூட்டுகிறதே என்றவர்களுக்கு, எந்த முட்டாளுக்கும் அது தெரியும் என்பதுதான் அவர் பதில். அடுத்ததை மறு ஆண்டே முடித்துவிட்டார். பயம் விட்டுப்போனால் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனி அவர் இறந்ததால் நின்றதா?

இல்லை. இரண்டு பகுதிகளை 1822இல் எழுதி, மூன்றாவதைத் தொடங்கி விட்டுவிட்டார். இறந்தது 1828இல், 31 வயதில். கையெழுத்துப் பிரதி நண்பர் ஹியூட்டன்பிரென்னர் வீட்டில் பல பத்தாண்டுகள் கிடந்து, 1865இல்தான் வியன்னாவில் வாசிக்கப்பட்டது. அவருடைய 'பெரிய' சி மேஜர் சிம்பொனியின் கதையும் இதே மாதிரிதான். ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டுக் காகிதக் குவியலில் அதை ஷூமன் கண்டார். மெண்டல்சன் 1839இல் லைப்ஸிக்கில் நடத்தினார்.

சிம்பொனியில் கதை உண்டா?

பெரும்பாலும் இல்லை. பீத்தோவனின் ஆறாவதில் குயில்கூட கூவுகிறது, ஆனால் ஓவியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உணர்வாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே எச்சரித்தார். கதையை வெளிப்படையாக வைத்தவர் பெர்லியோஸ். 1830இல் பாரிஸில் அரங்கேறிய 'சிம்பொனி ஃபன்டாஸ்டிக்' ஓர் இளைஞனின் காதல் பைத்தியம்: அபின் மயக்கம், காதலியைக் கொன்றதாகக் கனவு, தூக்குமேடை ஊர்வலம், சூனியக்காரிகளின் ஆட்டம். காதலிக்கென்று ஒரு மெட்டு. அது ஐந்து பகுதியிலும் வேடம் மாற்றி வரும். அசல் காதலி ஹாரியட் ஸ்மித்ஸன் என்ற ஐரிஷ் நடிகை. பெர்லியோஸ் 1833இல் அவரையே மணந்தார், அது நிலைக்கவில்லை. சிம்பொனியை முன்னதாகவே கவனமாகக் கேட்டிருக்கலாம் அந்த அம்மா.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள், வாசிக்கப்பட்டதுதான் குறைவு. பாரிஸின் லூயிஸ் ஃபராங்க் 1840களில் மூன்று சிம்பொனிகள் எழுதினார். கன்சர்வட்வார் என்ற இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியர். ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். பல ஆண்டுகள் போராடி சமச் சம்பளம் வாங்கினார். அவருடைய மூன்றாவது, ஜி மைனர், தேடிக் கேளுங்கள். அமெரிக்காவில் ஏமி பீச்சின் 'கேலிக்' சிம்பொனியை 1896இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

ஒன்பதாவதை எழுதினால் சாவு வரும் என்பது?

பீத்தோவன் 9, த்வோர்ஷாக் 9, புரூக்னர் ஒன்பதாவதை முடிக்காமலே போனார். மாலர் பயந்துபோய் 'பூமியின் பாட்டு' என்ற படைப்புக்கு எண்ணே தராமல் தப்பிக்கப் பார்த்தார். பிறகு ஒன்பதாவதை எழுதி, பத்தாவது பாதியில் இருக்க 1911இல் இறந்தார்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். புரூக்னர் எழுதி ஒதுக்கிய இரண்டையும் சேர்த்தால் அவர் கணக்கு பதினொன்று. அதில் ஒன்றுக்குப் பெயரே 'பூஜ்யமாவது'. த்வோர்ஷாக்கின் முதல் சிம்பொனிப் பிரதி தொலைந்துபோனதால் 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'புதிய உலகிலிருந்து' சிம்பொனியை அவர் எட்டாவது என்று எழுதினார். பதிப்பகம் ஐந்தாவது என்று அச்சிட்டது. நாம் ஒன்பதாவது என்கிறோம். சித்திரகுப்தன் எந்தப் பிரதியைப் பார்த்துக் கணக்கெழுதுவான்?

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

தயவுசெய்து மாலர், புரூக்னரிலிருந்து வேண்டாம். மாலரின் மூன்றாவது மட்டும் ஒன்றரை மணிக்கு மேல். மோட்சார்ட்டின் 40இன் முதல் பகுதியை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள், மெட்டு மனப்பாடமாகிவிடும். அப்புறம் பீத்தோவனின் ஐந்தாவதை முழுதாக, எழுந்திருக்காமல். பிறகு த்வோர்ஷாக்கின் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனியின் இரண்டாம் பகுதி: காரங்லே என்ற தடித்த குரல் ஓபோ தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். அதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். மெட்டு த்வோர்ஷாக்குடையதுதான், வார்த்தைகளை அவருடைய மாணவர் 1922இல் சேர்த்தார்.

கடைசியாக சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது. 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்கில் அவரே நடத்தினார். ஒன்பதே நாளில் இறந்துபோனார். மூன்றாம் பகுதி ஆரவாரமான அணிவகுப்பு. முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்குகளில் இன்றும் கைதட்டல் வெடிக்கும். அதற்குப் பிறகுதான் நான்காவது வருகிறது, வேகமாக இல்லாமல், புலம்பலாக. செல்லோவும் டபுள் பாஸும் கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தேய்ந்து அடங்கும். முதல்முறை நான் கேட்டபோது அந்த மௌனத்தின்மேல் ஒரு வாஷிங் பவுடர் விளம்பரம் வந்து விழுந்தது. அடுத்தது தானாக ஓடும் வசதியை முன்னாலேயே அணைத்து வையுங்கள்.